பார்லி மிதித்த கால்

சிங்ஷூ,
அக்டோபர் 20

அன்பு மகள் யான்லிங்குக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதமே. போனில் அந்தப் பேச்சை எடுத்தாலே "அப்பா, கடைக்குக் கூட்டம் வந்துடுச்சு" என்கிறாய். கடற்கரை ஊரான ஷியாமென்னில் நம் ஊர் நூடுல்ஸுக்கு இத்தனை கூட்டமா, அதுவும் அப்பா கூப்பிடுகிற நேரமாகப் பார்த்து வருமா என்று அம்மா கேட்கிறாள். கடிதத்தை யாரும் துண்டிக்க முடியாது. கூட்டம் வந்தால் மேஜையில் கிடக்கட்டும். போனபிறகு படி.

முதலில் என் கதை. வசந்த காலத்தில் நான் எலும்பும் தோலுமாக இருந்தபோது எல்லோரும் புற்றுநோய் என்றே நினைத்துவிட்டார்கள். நானும் மாலை போடுவதற்குத் தோதான போட்டோ ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுல மூக்கு பெருசா இருக்கு, வேற எடுங்க" என்றாள். பிறகு தாய்யுவான் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அந்த இளம் டாக்டரம்மா சிரித்த முகமாக, "பெரியவரே, இது சீலியாக். கோதுமை, பார்லி, இதுல எல்லாம் இருக்கிற குளூட்டன் உங்க குடலுக்கு ஆகாது. ஆயுசுக்கும் அதைத் தொடாம இருந்தா நல்லா இருப்பீங்க" என்றார். பிழைத்தேன் என்று சந்தோஷப்பட ஆரம்பித்தவன், கோதுமை இல்லாமல் ஷான்சீக்காரன் பிழைப்பது எப்படி என்று பாதியில் நிறுத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டு தூ கேட்டுவிட்டு விடுவானா? "டேய் ஹாவ், ஷான்சீயில பொறந்துட்டு மாவு ஒத்துக்கலேங்கிறது, மீனுக்குத் தண்ணி ஒத்துக்கலேங்கிற மாதிரிடா" என்றான். தெருவில் என் பெயரே இப்போது மீன்.

ஆனால் மகளே, உன் அப்பா விடவில்லை. வீட்டில் எனக்கென்று தனிப் பலகை, தனி உருட்டுக்கட்டை, தனிச் சட்டி. அம்மாவின் மாவுக் கை என் பலகைமேல் பட்டால் நான் போலீஸ்காரன்போல் விசில் அடிக்கிறேன். சின்ன வயதில் தினமும் சோள மாவையே தின்று அலுத்து, பெரியவனானால் வெள்ளை மாவு மட்டும்தான் என்று சபதம் போட்டவன் நான். இப்போது அதே சிவப்புச் சோள நூடுல்ஸை நானே பிசைகிறேன். கோதுமை கலக்காவிட்டால் ஒட்டாது, கொதிநீரில் கரைந்து கஞ்சியாகிவிடும். முதல் வாரம் நான் நூடுல்ஸ் குடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு எல்ம் மரப்பட்டைப் பொடியைக் கொஞ்சம் சேர்த்துப் பார்த்தேன். இப்போது கயிறு மாதிரி நிற்கிறது. காலையில் தினைக் கஞ்சி, முட்டை, கீரை. சிகரெட்டை விட்டாயிற்று. வயிற்றுக்காக விட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அம்மா அந்தப் பெட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டாள்.

சூப்பர் மார்க்கெட்டில் சோயா சாஸ் பாட்டிலைக் கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். அதிலும் கோதுமை இருக்கிறது, உனக்குத் தெரியுமா? ஒரு நாள் வெகுநேரம் படித்துக்கொண்டிருந்ததால் காவல்காரர் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார். அம்மா அவரிடம், "திருடன் இல்ல தம்பி, படிக்கிறாரு. ஸ்கூல்ல படிக்காததை எல்லாம் இங்க வந்து படிக்கிறாரு" என்றாள்.

தினமும் காலையில் ஆற்றங்கரையில் நடக்கிறேன். பூங்காவில் கை தூக்கும் பயிற்சிக் கூட்டத்திலும் சேர்ந்துவிட்டேன். எல்லோரும் கையை இறக்கும்போது நான் தூக்குகிறேன். வாத்தியாரம்மா என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். என்றாலும் படியேறும்போது முன்போல் மூச்சு வாங்கவில்லை. எடைதான் இன்னும் ஏறவில்லை. வயிறும் சில நாள் சண்டை போடுகிறது. இத்தனை ஒழுங்காக இருந்தும் ஏன் என்று புரியவில்லை. போகப் போகச் சரியாகும்.

இனி உன் கதை. இது ரத்தத்தில் வருகிற வியாதி, பெற்ற பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். நீ காலேஜ் நாளிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவள். வீடியோவில் உன் உதடு சுண்ணாம்புபோல் இருக்கிறது. விளக்கு வெளிச்சம் என்கிறாய். உங்கள் கடையில் அப்படி என்ன விளக்கு போட்டிருக்கிறீர்கள்?

கையில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். ஒன்று மட்டும் நினைவு வைத்துக்கொள். பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதே. நிறுத்தினால் ரத்தத்தில் தெரியாதாம். ஊரில் மாவு தின்னாதே என்று பிரசங்கம் செய்கிற அப்பா, உன்னை நன்றாகத் தின்றுவிட்டுப் போ என்கிறேன். இந்தச் சலுகை இந்த ஒரு முறைதான்.

மாப்பிள்ளை ஜியனுக்கு என் அன்பைச் சொல். போன வருஷம் உனக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததற்குப் பிறகு அவர் எங்களிடம் அதிகம் பேசுவதில்லை. அவர்மேல் யாருக்கும் ஒரு குறையும் இல்லை என்று சொல். உன்மேலும் இல்லை.

நல்லபடியாக இரு.

உன் அப்பா,
ஹாவ் சின்குய்


சிங்ஷூ,
ஜனவரி 6

அன்பு மகள் யான்லிங்குக்கு,

அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே வாளித் தண்ணீர் உறைகிற குளிர். ஆனால் நான் கொழுத்துக்கொண்டு வருகிறேன். பழைய பெல்ட்டில் ஆணியால் போட்ட கூடுதல் ஓட்டை இப்போது தேவைப்படவில்லை. அதற்குக் காரணமான அவமானத்தை நீ கேட்க வேண்டும்.

டிசம்பரில் மறுபடி தாய்யுவான் போனோம். ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். எங்கிருந்தோ குளூட்டன் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறதாம். "பெரியவரே, திருட்டுத்தனமா ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தூவின் பேரன் கல்யாணத்துக்கே டப்பாவில் சொந்தச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனவன் நான். காலையிலிருந்து இரவுவரை என் வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஒன்றிலும் தப்பில்லை. அப்போது உன் அம்மா மெல்ல, "அந்த வினிகரைச் சொல்லலையே" என்றாள்.

நான், "அது சாப்பாடா? அது நம்ம ஊரு தண்ணி" என்றேன்.

டாக்டரம்மா தெற்கத்திக்காரர். வினிகரை எதிலிருந்து செய்வீர்கள் என்று என்னிடமே கேட்டுவிட்டார். வினிகர் பட்டறையில் தலை நரைத்தவனிடம் இப்படிக் கேட்கலாமா? நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்தேன். சோளத்தை ஊறவைத்து அவிக்க வேண்டும், டாக்டரம்மா. ஆறினதும் புளிப்பதற்கு உறைக்கட்டியைப் பொடித்துக் கலக்க வேண்டும். நம் வினிகரின் உயிரே அந்தக் கட்டிதான். அதைச் செங்கல் மாதிரி அச்சில் போட்டுக் காலால் மிதிக்க வேண்டும். மிஷின் மிதித்தால் மணம் வராது. இதோ, இந்தக் காலால் நான் மிதித்த கட்டியை அடுக்கினால் நகர மதில் அளவுக்கு வரும். கட்டிக்குள் போவது பட்டாணியும், அது கூட நல்ல முழு...

அதோடு என் வாய் நின்றுவிட்டது.

"முழு?" என்றார் டாக்டரம்மா.

உன் அம்மா சொன்னாள்: "பார்லிம்மா. முழு பார்லி. இந்த மனுஷன் வீட்டுக்கு வந்தா கால் விரலிடுக்குல இருந்து நான்தான் தட்டி எடுப்பேன்." பிறகு சிரித்தாள் பார், ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை. டாக்டரம்மா முகத்தைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டார். பட்டறையில் தவிடும் கோதுமைத் தவிடுதான் சேர்ப்போம் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் ஞாபகம் வந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

யோசித்துப் பார். உலகத்துப் பாட்டில்களை எல்லாம் கண்ணாடி போட்டுப் படித்தவன், என் காலால் மிதித்ததை மறந்துவிட்டேன். சோள நூடுல்ஸ்மேல் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். செரிக்கட்டும் என்று சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கிண்ணம் குடித்தேன். வெளியூர்க்காரர்கள் நம்மை வினிகர் ஜாடி என்று சொல்லும்போது கோபப்பட்டிருக்கிறேன். இனிமேல் படமாட்டேன்.

ஜாடியைத் தூவின் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். "மீன் இப்ப கரையேறிடுச்சு" என்றான். அரிசி வினிகர் வாங்கினோம், பாட்டிலைப் படித்துத்தான். மழைத்தண்ணீரில் எலுமிச்சை நனைத்த மாதிரி இருக்கிறது. முதலில் முகம் சுளித்தேன், இப்போது பழகிவிட்டது. வயிறு சண்டையை நிறுத்திவிட்டது. காலையில் நடக்கும்போது அம்மா, "மெதுவாப் போங்க, எந்த ரயிலைப் பிடிக்கப் போறீங்க" என்று பின்னாலிருந்து கத்துகிறாள். பயிற்சிக் கூட்டத்தில் இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டேன். கை இப்போதும் தப்பாகத்தான் போகிறது, ஆனால் பலமாகப் போகிறது.

ஆஸ்பத்திரியில் நடந்ததில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று கிளம்பும்போது உன் அம்மா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மாவிடம் ஏதோ கேட்டாள். வராந்தாவில் மீன்தொட்டி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் அவளாகவே சொன்னாள். சில பெண்களுக்கு இந்த வியாதி இருப்பதே தெரியாமல் கர்ப்பம் தங்காமல் போகுமாம். கண்டுபிடித்துச் சாப்பாட்டை மாற்றினவர்களுக்குப் பிறகு நல்லபடியாக ஆனதும் உண்டாம். எல்லோருக்கும் அப்படித்தான் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. உண்டு என்றார். இதற்கு மேல் நான் எழுதவில்லை. எழுதத் தெரியவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டாய். அதிசயம். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, நாள் முழுக்க நின்னா யாருக்கும் களைப்பு வரும்" என்றாய். அப்புறம், "இருந்துட்டா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பல நாள் நடந்தேன். கூட்டம் வந்துவிட்டது என்று நீ ஓடியது ஊசிக்குப் பயந்து அல்ல என்று புரிந்தது. நூடுல்ஸ் கடைக்காரி நூடுல்ஸ் சாப்பிட முடியாது என்றால் கடை என்னாவது, மாமியார் வீட்டில் என்ன சொல்வார்கள், ஜியன் என்ன நினைப்பார். இதுதானே?

இருந்துவிட்டால் இருக்கட்டும். நம் தெரு முடிதிருத்துபவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது, அவர் கடையில்தான் வரிசை நிற்கிறது. மாவு பறக்கிற பக்கம் ஜியன் நிற்பார். இது நானாகச் சொல்லவில்லை. அவர் எனக்குத் தனியாக போன் செய்தார். "மாமா, மாவை நான் பாத்துக்கிறேன். இந்த ஊர்ல அரிசி நூடுல்ஸ் தின்னாத ஆள் யாரு? அதுக்கு ஒரு அடுப்பு தனியாப் போட்டுடலாம். அவளை டெஸ்டுக்கு மட்டும் நீங்க அனுப்பி வைங்க. நான் சொன்னா கோபிச்சுக்கிறா" என்றார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. மாப்பிள்ளை பேசமாட்டார் என்று நினைத்திருந்தேன், பேசினால் நிறுத்தமாட்டார் போலிருக்கிறது.

அதிலும் உனக்கு ஒரு வசதி. எனக்குப் பாதை காட்ட ஆளில்லை. உனக்கு எல்லாத் தப்பையும் முன்கூட்டியே செய்துவைத்த அப்பா இருக்கிறேன். பலகை, சட்டி, சாஸ், வினிகர், எதில் விழக்கூடாது என்று எல்லாவற்றிலும் விழுந்து பார்த்துவிட்டேன். இல்லை என்று வந்துவிட்டால் இன்னும் நல்லது. நான் தூவிடம் சொல்லி உனக்காக ஒரு கிண்ணம் பழைய வினிகர் வாங்கி வைக்கிறேன்.

வரப்போகிற நம் சந்திரப் புத்தாண்டுக்கு வருகிறீர்கள் என்று ஜியன் சொன்னார். ஊரைவிட்டுப் போகிறவர்களுக்குக் கொழுக்கட்டை, வந்து இறங்குகிறவர்களுக்கு நூடுல்ஸ் என்பது நம் வீட்டு வழக்கம். நீ வாசலில் காலை வைப்பதற்கு முன் அம்மா உலை வைத்துவிடுவாள். நேற்று இரண்டு மாவையும் எடுத்து வைத்துவிட்டு, "வெள்ளையா சிவப்பா, எதைப் பிசையட்டும்னு உங்க மகளைக் கேளுங்க" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லவேண்டியது உன் ரத்தம்.

எதைப் பிசைந்தாலும் அம்மாவே பிசைவாள். எது வந்தாலும் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். ரயில் ஏறுமுன் ஒரு நாள் காலையில் ஜியனையும் அழைத்துக்கொண்டு போய்க் கையை நீட்டிவிட்டு வா, கண்ணு. முடிவு வந்ததும் அம்மாவிடம் நீயே சொல். என்னிடம் சொன்னால் நான் குளறிவிடுவேன்.

உடம்பும் மனசும் திடமாக, நீ நீடூழி இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
ஹாவ் சின்குய்