காலடி வெட்டுப்பட்ட பக்கங்கள்

மார்ச் 4, செவ்வாய்
தார்வாடில் ஆய்வேடு ஒப்படைக்கும் வாரம். நான் தட்டச்சு செய்யும் அச்சுக் கடையில் உட்கார இடமில்லை. எனக்குச் சென்னவ்வா மேடத்தின் கன்னட ஆய்வேடு வந்தது. ஹூப்ளியில் பள்ளி ஆசிரியை. ஒன்பது வருட உழைப்பு. 281 பக்கம். 250-ஐத் தாண்டினால் பல்கலைக்கழகம் வாங்காது. வெள்ளிதான் கடைசி நாள். வேலையில் என் சோதனை மாதம் சனிக்கிழமை முடிகிறது.

வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி 16' என்று வைத்தேன். 246 ஆகிவிட்டது. முதலாளி ஹுலிகட்டி சார் எட்டிப் பார்த்து, "பரவால்லியே, பேசாத பொண்ணோட வேலை பேசுது!" என்றார்.

மார்ச் 5, புதன்
ஐந்து பிரதி அச்சாகி பைண்டிங்குக்குப் போயின. சார் பாராட்டியதை வீட்டில் சொன்னேன். அம்மா சோள ரொட்டி தட்டுவதை நிறுத்தாமல், "அப்போ வேலை நிரந்தரமா?" என்று கேட்டாள்.

மார்ச் 6, வியாழன்
அச்சில் மடங்கிப்போன தாள் ஒன்று மேசையில் கிடந்தது. பக்கம் 41. சும்மா படித்தேன்.

கன்னடத்தில் கூட்டெழுத்தின் இரண்டாம் எழுத்து பக்கத்தில் நிற்காது, முதல் எழுத்தின் காலடியில் தொங்கும். நான் நெருக்கிய வரிகளில் அந்தக் கால்கள் பாதி வெட்டுப்பட்டிருந்தன. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன், எல்லாப் பக்கத்திலும் அப்படியே. கணினி வகுப்பில் ஆங்கிலத்தில்தானே பழகினேன். திரையில் சுருக்கிப் பார்த்ததில் தெரியவே இல்லை.

சொல்லாமல் இருந்தால்? யார் கவனிக்கப் போகிறார்கள்? தேர்வாளர்கள் கவனிப்பார்கள். மேடம் கவனிப்பார். எனக்கு வேலை போயிடுமே — போனா போகட்டும், சார்கிட்ட சொல்லிடுவோம்.

சொன்னேன்.

"பைண்டிங் ஆனப்புறம் வந்து சொல்றியே, நல்லா இருக்கா இது? ஆயிரத்து இருநூறு தாளு! உன் வேலையப் பத்திச் சனிக்கிழமை பேசிக்கறேன். மொதல்ல அந்தம்மாக்கு நீயே போன் பண்ணு."

போனில் நடந்ததைச் சொன்னேன். மேடம் பஸ் பிடித்து வந்தார். தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"ஒன்பது வருஷமா ஒவ்வொரு எழுத்தா நிக்க வெச்சேன். ஒரே நாள்ல எல்லாத்தையும் நொண்டியாக்கிட்டியே நிம்பவ்வா!"

சிரித்தாரா, திட்டினாரா, தெரியவில்லை. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மேடம் முதலில் கொடுத்திருந்த கோப்பைக் கணினியில் திறந்தேன். வரிகள் ஒன்றரை இடைவெளியில் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு பத்திக்குப் பிறகும் வெற்று வரிகள்.

"இங்க எத்தனை தடவை என்டர் தட்டுனீங்க, மேடம்?"

"ரெண்டு. சில எடத்துல மூணு. பத்தி மூச்சு விட வேணாமா?"

வெற்று வரிகளையெல்லாம் நீக்கினேன். பத்திக்குப் பின் ஆறு பாயின்ட் இடைவெளி மட்டும் கொடுத்தேன். வரிகளைத் தொடவே இல்லை. 249 பக்கம்.

மேடம் பொருளடக்கத்தை உரக்கப் படிக்க, நான் பக்க எண்களை மாற்றினேன். இந்த முறை ஒரு பக்கம் அச்செடுத்து, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்த பிறகே மற்றவை. மூன்றரை மணிக்கு ஐந்து பிரதிகளும் பைண்டரிடம் போயின.

மார்ச் 7, வெள்ளி
மாலை நான்கு பத்துக்கு மேடம் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டார். அவரிடமிருந்து குறுஞ்செய்தி: "வாங்கிக்கிட்டாங்க."

மார்ச் 8, சனி
நாள் முழுவதும் சார் பில் எழுதிக்கொண்டே இருந்தார். ஆறு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு, வேலை உண்டா என்று கேட்க அவர் மேசை முன்னால் நின்றேன். அப்போது ஒருவர் பென் டிரைவோடு அவசரமாக நுழைந்தார். திங்கட்கிழமைக்குள் அச்சாக வேண்டுமாம்.

சார் என்னைப் பார்க்காமலே அவரிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க. மொதல்ல ஒரு பக்கம் எடுத்துப் பார்ப்பா. அவ சரின்னு சொன்னாத்தான் மிச்சம்."

பையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.