நிலம் இளகும்வரை

ஜனவரி 19
பிரியந்தியை இன்று அடக்கம் செய்யவில்லை. இந்த நாட்டுப் பனியில் நிலம் உறைந்து கிடக்கிறதாம். கல்லறைத் தோட்டத்துக் கற்கட்டடத்தில் பெட்டியை வைத்து, பனி போனபிறகு புதைப்பார்களாம். என் ஒரே மகள். முன்பின் தெரியாதவர்களுடைய பெட்டிகளுக்கு நடுவில் விட்டுவிட்டு வில்லரேயில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினோம்.

ஜனவரி 27
பிள்ளையின் அறையில் இருமல். நுரையீரல் நோயோடு கிடந்த கடைசி மாதம் முழுக்கக் கேட்ட அதே வறண்ட இருமல். நல்ல வெயில், நண்பகல். கதவைத் திறந்தேன். ஒருவரும் இல்லை. ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் மட்டும், யாரோ மூச்சு விட்டதுபோல் ஈரம்.
சிசிலியிடம் சொல்லவில்லை. மனைவியையும் பயப்படுத்துவானேன்?

பெப்ரவரி 3
சிசிலி அந்தக் கட்டிலருகே தண்ணீர் வைக்கிறாள். ஏனென்று கேட்டேன்.
"இருமல் உங்களுக்கும் கேட்டதுதானே," என்றாள்.

பெப்ரவரி 4
தண்ணீர் பாதிதான் இருக்கிறது. ஹீற்றர் சூட்டில் வற்றியிருக்கும். இருக்குமா?

பெப்ரவரி 15
பூசை முடிந்து பாதரோடு கதைத்தேன். ஆதிக் கிறிஸ்தவர்கள் கல்லறைத் தோட்டத்தை நித்திரை கொள்ளும் இடம் என்றே அழைத்தார்களாம். அங்கே கூடிச் சாப்பிட்டு, செத்தவர்களுக்குக் குளிர்ச்சி கிடைக்க வேண்டுமென்று மன்றாடுவார்களாம்; இளைப்பாறுதலைத்தான் அப்படிச் சொல்வார்களாம். எனக்குக் கோபம் வந்தது. என்ரை பிள்ளை கிடக்கிற குளிர் போதாதோ?
"நாங்கள் கூப்பிட்டால் அவளுக்குக் கேக்குமோ பாதர்?"
"கடைசி நாளிலை கூப்பிட்டு எழுப்புறவர் ஆண்டவர், அண்ணை. அதுவரைக்கும் பிள்ளை ஆறட்டும்."

மார்ச் 2
சிசிலி இப்போது பகல் முழுக்க அந்த அறைக்குள் இருந்து கதைக்கிறாள். அவள் நிறுத்தும் இடங்களில் இருமல் கேட்கிறது. பதில் சொல்வதுபோல.
நாங்கள்தான் பிள்ளையை நித்திரை கொள்ள விடுறேல்லையோ?

மார்ச் 3
சொல்லிவிட்டேன். "பிள்ளை களைச்சுப்போச்சுது சிசிலி. விடுவம்."
என் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாள். சுவருக்கு அப்பால் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

மார்ச் 11
இன்றும் கேட்டது. மெதுவாக.

ஏப்ரல் 30
அடக்கம். மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. எல்லோரும் போனபின் சிசிலி பையிலிருந்து சோறும் மீன்குழம்பும் எடுத்தாள். கல்லறைப் பக்கத்தில் புல்லில் இருந்து சாப்பிட்டோம். பிள்ளை செத்தபிறகு சிசிலி ருசித்துச் சாப்பிட்டதை இன்றுதான் கண்டேன்.

மே 6
அறையில் சத்தமே இல்லை. நிம்மதியாக இருக்குமென்று நினைத்திருந்தேன்; காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். பிள்ளையின் பெயர் வாய்வரை வந்தது. கூப்பிடவில்லை.
கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன்.