ஒரே நாளில் வந்த பனி

அல்சூர், பெங்களூர்
12-11-1995
கடிதம் எண் 14

சோமேஸ்வரர் துணை

அன்புள்ள மாமாவுக்கு மரகதம் எழுதுவது.

நானும் குழந்தை ஷோபாவும் சுகம். அங்கே குளிர் உங்களை அண்டாமல் பார்த்துக்கொள்ளும்படி தினமும் விளக்கேற்றும்போது சுவாமியிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பதின்மூன்றாம் கடிதம் நேற்று கிடைத்தது. நீங்கள் தேதி போட்டதிலிருந்து பன்னிரண்டு நாள். அதற்கு முந்தினது பதினோரு நாளில் வந்தது. காலண்டரின் பின்பக்கம் எல்லாவற்றையும் குறித்துவருகிறேன், நீங்கள் சிரிப்பீர்கள்.

பொங்கலுக்கு முன்னால் லீவு கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணமாகி இந்த ஆறு வருஷத்தில் ஒரு பொங்கலுக்குக்கூட நீங்கள் இந்த வீட்டில் இருந்ததில்லை. ஷோபாவுக்கு நாலு வயது முடியப்போகிறது. போட்டோவைப் பார்த்து அப்பா அப்பா என்கிறாள். ஆனால் போன தடவை நீங்கள் பெட்டியோடு வந்து நின்றபோது என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள், ஞாபகமிருக்கிறதா? உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அதனால் வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இந்த லீவை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வேலூர்க்காரிக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? பால்காரர் கோவிந்தப்பாதான் சொன்னார், இந்தக் காலத்துக்குக் கன்னடத்தில் மாகி என்று பேராம். பித்தளைச் செம்பின் மேல் முத்து முத்தாக நின்றதைக் காட்டி, இது இப்பனி என்றார். இன்னும் எத்தனை பேர் இருக்கிறது என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் யாரும்மா கணக்கு வெச்சிருக்காங்க?" என்றார். நான் வைக்கிறேன் என்று சொல்லி, ஷோபாவின் பழைய நோட்டில் இரண்டையும் எழுதிவிட்டேன். மளிகைப் பொட்டலம் பிரித்து எழுத்துக் கற்றுக்கொண்டவள் நான். புது வார்த்தை கிடைத்தால் கீழே போட மனசு வராது.

இருக்கிற இடத்தின் பேரை எழுதக் கூடாது என்று உங்கள் பட்டாளத்தில் சட்டம். அந்த ஊர்க் குளிரின் பேரை எழுதலாம் அல்லவா? எழுதுங்கள். நோட்டில் இடம் இருக்கிறது.

உங்கள்
மரகதம்


56 ஏ.பி.ஓ.
25-11-1995

அன்புள்ள மரகதத்துக்கு,

நான் சுகம். மூக்கு மட்டும் தக்காளி மாதிரி இருக்கிறது.

நீ கேட்டதைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். மூட்டை தூக்க வருகிற இந்தப் பக்கத்து ஆள் பனியைக் கா என்கிறான். அவ்வளவுதான் வார்த்தை. வாயைத் திறந்தால் பாதிக் குளிர் உள்ளே போய்விடும் என்று சுருக்கமாக வைத்துக்கொண்டார்களோ என்னவோ. எங்கள் லாரி டிரைவர் கட்வாலி, வடக்கே மலைநாட்டுக்காரன். விடியற்காலையில் புல்லின் மேல் உப்புத் தூவினது போல் உறைந்து கிடப்பதைப் பாலா என்கிறான்.

ஆபீசர்கள் சொல்கிற வார்த்தை ஒன்று இருக்கிறது, வைட் அவுட். இதை எப்படி உனக்கு விளக்குவது? வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிடும். நிழல் கிடையாது. மேடு பள்ளம் தெரியாது. போன வாரம் அதில் மாட்டிக்கொண்டு, ஏழு பேர் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனோம். நடக்கிறேனா நிற்கிறேனா என்றே தெரியவில்லை. அப்போது உன் வளையல் சத்தம் கேட்டது மரகதம். நீ மாவு சலிக்கும்போது கேட்குமே, அது. முன்னால் போனவனிடம் சொன்னேன். அவனுக்கு அவன் வீட்டு மாட்டு மணி கேட்டதாம்.

பாலம் போடும் வேலை இன்னும் கொஞ்சம் பாக்கி. இரும்பை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்கிறது, கையுறை போட்டால் நட்டு பிடிபடுவதில்லை. எப்படியோ முடித்துவிடுவோம். ஜனவரி பத்திலிருந்து இரண்டு மாதம் லீவு எழுதியாகிவிட்டது. குழந்தை ஒளிந்துகொண்டால் பரவாயில்லை, தேடிப் பிடிக்கிறேன்.

உன்
பழனிச்சாமி


அல்சூர்
8-12-1995
கடிதம் எண் 15

அன்புள்ள மாமாவுக்கு மரகதம்.

கடிதம் நேற்று வந்தது. பன்னிரண்டு நாள். ஜனவரி பத்து என்பதை மூன்று தடவை படித்துவிட்டுக் காலண்டரில் குங்குமம் வைத்தேன். கார்த்திகைக்கு வாசலில் இருபத்தோரு அகல் ஏற்றினோம். காற்று ஒன்றைக்கூட அணைக்கவில்லை.

பிளாட்பாரத்தில் சுவெட்டர் விற்கிற திபெத்துக்காரர்கள் இந்த வருஷமும் வந்திருக்கிறார்கள். ஷோபாவுக்கு ஒன்று பார்க்கப் போனேன். அந்த அம்மாளிடம் சும்மா, கா என்று சொல்லிப் பார்த்தேன். பின்னிக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு கையை உயர்த்தி, விரல்களை மெல்ல அசைத்து அசைத்துக் கீழே இறக்கினாள். பனி விழுவதை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான், சிவாஜி நகர் பிளாட்பாரத்தில். எனக்கு வீட்டுக்கு வர மனசே இல்லை.

இன்று காலை கோயிலுக்குப் போகும் வழியில் ஏரியைக் காணோம். அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்க் கரையில் நீங்கள் நிற்கிறீர்கள், ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் என்று தோன்றியது. கூப்பிடவில்லை. பக்கத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார்.

இரும்பை வெறுங்கையால் தொடாதீர்கள். நட்டு பிடிபடாவிட்டால் போகட்டும்.

உங்கள்
மரகதம்


56 ஏ.பி.ஓ.
27-12-1995

அன்புள்ள மரகதத்துக்கு,

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. கையில் சின்னக் காயம், கட்டுப் போட்டிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல நண்பர் சின்னப்பா எழுதுகிறார். தர்மபுரிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர்.

லீவு தள்ளிப் போகிறது. காரணம் கேட்காதே, எழுத முடியாது. பொங்கலுக்கு வர வழியில்லை. குழந்தைக்கு எதாவது சொல்லிச் சமாளி.

உன் நோட்டுக்கு இன்னும் சில. பனியோடு சேர்ந்து அடிக்கிற புயலுக்கு பிளிஸார்ட். அடர்ந்த மூட்டத்துக்குக் கோரா. அப்புறம் ஃப்ராஸ்ட் பைட் என்று ஒன்று. இதையும் எழுதிக்கொள்.

உன்
பழனிச்சாமி


அல்சூர்
9-1-1996
கடிதம் எண் 16

அன்புள்ள மாமாவுக்கு மரகதம்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. பன்னிரண்டு நாள். மூன்று வார்த்தைகளையும் நோட்டில் ஏற்றிவிட்டேன். இதோடு எட்டு.

லீவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. உங்கள் கடிதம் வருவதற்கு முன், திருவாதிரைக் களி கிண்டும்போது இன்னும் அஞ்சே நாள் என்று எண்ணிக்கொண்டே கிண்டினேன், அடி பிடித்துவிட்டது. சுவாமிக்கு வைக்க வேண்டியது, மறுபடி செய்தேன். ஷோபாவிடம் அப்பா வரத் தாமதம் என்றேன். "அப்பா ஒளிஞ்சிக்கிட்டாரா?" என்று கேட்டாள்.

காயம் எப்படி ஆயிற்று? எந்தக் கை? சின்னப்பா அண்ணனின் எழுத்து வலப்பக்கம் சாய்ந்து, மழைக்கு ஒதுங்கினது போல் அழகாக இருக்கிறது. ஆனாலும் உங்கள் கோணல் எழுத்து இல்லாமல் கடிதம் கடிதமாக இல்லை. அடுத்ததில் உங்கள் கையால் ஒரு கையெழுத்தாவது போடுங்கள்.

இந்த ஃப்ராஸ்ட் பைட் எப்படி இருக்கும்? எட்டில் அதுதான் கேட்க நன்றாக இருக்கிறது. மெல்லிசாகப் பெய்யுமோ? விடியலில் வருமா, சாயங்காலத்திலா? விவரமாக எழுதுங்கள்.

உங்கள்
மரகதம்


56 ஏ.பி.ஓ.
22-1-1996

அன்புள்ள மரகதத்துக்கு,

நான் சுகம். இங்கே இன்றும் நல்ல பனி. கூடாரத்துக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை.

இந்த வருஷம் லீவு இருக்காது. அடுத்த வருஷமும் சொல்ல முடியாது. நீ குழந்தையைக் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் போய் உன் அம்மாவோடு இரு. எனக்காக அங்கே தனியாகக் காத்துக்கொண்டிருக்க வேண்டாம். இதை நான் யோசித்துத்தான் சொல்கிறேன்.

புது வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை.

பழனிச்சாமி


ஆஸ்பத்திரி வராந்தா, பெங்களூர்
28-1-1996, ஞாயிறு
கடிதம் எண் 17

சோமேஸ்வரர் துணை

அன்புள்ள மாமாவுக்கு மரகதம்.

திங்கட்கிழமை தேதி போட்ட உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்துவிட்டது. காலண்டரைத் திருப்பி நாளைக் குறிக்கப் போனேன். ஒன்று. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். ஒன்றுதான். உறையைத் திருப்பிப் பார்த்தால் பெங்களூர் முத்திரை. உள்ளே மலைப் பனி, வெளியே நம் ஊர் முத்திரை. முதலில் எனக்குத் தோன்றியதெல்லாம் நல்ல எண்ணம் இல்லை. லீவில் வந்து எங்கேயோ இருக்கிறீர்கள், எங்களை வேலூருக்கு அனுப்பிவிடப் பார்க்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். அதைச் சுவாமியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

கடிதங்களையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஜெயலக்ஷ்மி அக்காவிடம் ஓடினேன். அவர் வீட்டுக்காரர் இராஜமாணிக்கம் ஐயா சுபேதாராக இருந்து ரிட்டயரானவர், ஏதாவது புரியும் என்று. அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் வரிசையாக வாசித்தேன். ஃப்ராஸ்ட் பைட் என்றதும் முறம் நின்றுவிட்டது.

"அதை ஏன்டி பனியோட சேத்து எழுதி வெச்சிருக்க?"

"அவர்தாங்க்கா எழுதினாரு."

"அது பனி இல்ல மரகதம். பனி ஆளோட கையையும் காலையும் தின்னுட்டுப் போறது. எங்க வீட்டு ஐயா கால்ல ரெண்டு விரல் இல்லாம இருக்கே, அதான் அது."

மெல்லிசாகப் பெய்யுமோ என்று கேட்டேனே மாமா. அந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைக்காமல் மலையிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்லத்தான் பார்த்திருக்கிறீர்கள். நேராகச் சொல்ல வாய் வராமல், மற்ற இரண்டு வார்த்தைகளுக்குப் பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக அனுப்பிப் பார்த்திருக்கிறீர்கள். நான்தான் அதையும் வரிசை எண் போட்டு உள்ளே உட்கார வைத்தேன்.

ஐயா விசாரித்துச் சாயங்காலமே சொல்லிவிட்டார். நீங்கள் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து பத்து நாளாகிறது, நம் வீட்டிலிருந்து நாலு மைல்.

வியாழக்கிழமை தனியாக வந்தேன். வராந்தாவில் காலில் கட்டோடு, ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு ஒருவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்தது. நான் அருகே போனேன். அவரே பார்த்துவிட்டு எழுந்திருக்கப் போனார். வேண்டாம் அண்ணா என்றேன்.

"நீங்க மரகதந்தானே? உங்க லெட்டரெல்லாம் நானும் படிச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க. அவன் கையால பிரிக்க முடியல." பேனாவை மூடிவிட்டு, "வலது கை. மூணு வெரல். சோறு பெசைய வரல அவனுக்கு. கொழந்த எதிர்ல அப்படி உக்காந்து சாப்பிடணுமாங்கறான். வீட்டுக்குத் தந்தி வேணாம்னு அவனே சொல்லிட்டான்" என்றார்.

நான் உள்ளே வந்தேன். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கழுத்து வரைக்கும் கம்பளி, கட்டுப் போட்ட கை மட்டும் வெளியே, யாரோ கொடுத்ததை வைத்துக்கொள்ள இடமில்லாதது போல். ஜன்னல் வழியாக வெயில் வந்து அந்தக் கட்டின் மேல் விழுந்திருந்தது. ஒரே வெள்ளை. அதைத் தவிர அந்த அறையில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று குறித்துக்கொள்ளவில்லை. எழுப்ப மனசு வராமல் போய்விட்டேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. விரலுக்காக இல்லை. நாலு மைலில் படுத்துக்கொண்டு இங்கே நல்ல பனி என்று எழுதினீர்களே, அதற்கு. எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதினீர்களே, அதற்கு. மேலே உங்களை வேலையில் வைப்பார்களா, அனுப்பிவிடுவார்களா, அதெல்லாம் எனக்குத் தெரியாது. சோறு பிசைவது எனக்குத் தெரியும். ஷோபாவுக்கு இன்னும் நான்தான் பிசைந்து ஊட்டுகிறேன், தட்டில் இன்னொரு கவளம் அதிகம், அவ்வளவுதானே. இதைப் பெரிய மனசு என்று நினைக்காதீர்கள். எனக்கு வேறு வழி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அப்பா கையில் குளிர் கடித்துவிட்டது என்றேன். எந்தக் கை என்று கேட்டாள். சொன்னேன். வலிக்குமா என்று கேட்டாள். தெரியாது, நீயே கேள் என்றேன்.

இந்தக் கடிதத்துக்கு முத்திரை இல்லை. சின்னப்பா அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் ஊன்றுகோலோடு உங்கள் கட்டிலுக்கு வந்து சேர ஐந்து நிமிஷம் ஆகும். நீங்கள் படித்து முடிக்க இன்னும் கொஞ்சம்.

வெளியே மரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. நானும் ஷோபாவும் அதில் உட்கார்ந்திருக்கிறோம். பார்க்கும் நேரம் ஆறு மணி வரைக்கும். இப்போது நாலு.

உங்களுக்கு எழுந்து வரத் தோன்றும்போது வாருங்கள். அவசரமில்லை. இங்கே குளிரவில்லை.

உங்கள்
மரகதம்