வானொலி வழிகாட்டியை ஒட்டி எழுந்த தகரக் கிடங்கு

அனுப்புநர்:
சலவை நிலைய உரிமையாளர்,
வழிகாட்டி நிலையத்தை அடுத்த கட்டடம்,
விமான நிலையப் பின்சாலை.

பெறுநர்:
வான்வழிப் பாதுகாப்புத் தலைமை அலுவலர்,
தலைமை அலுவலகம்.

பொருள்: விமானங்களுக்குத் திசை காட்டும் வானொலி நிலையத்தின் அருகே தகரக் கிடங்கு கட்டப்பட்டது குறித்து விசாரிக்கக் கோருதல்.

மதிப்புமிக்க ஐயா,

வணக்கம். ஓட்டல் விரிப்புகளையும் மருத்துவமனைத் துணிகளையும் வெளுத்துக் கொடுக்கும் தொழில் என்னுடையது. என் சுவருக்கு அப்பால் தங்கள் துறையின் வானொலி வழிகாட்டி நிலையம் உள்ளது.

சென்ற ஆண்டு அதன் பொறுப்பு அலுவலர் அளவு நாடாவும் ஆட்களுமாக வந்து, துணி உலர்த்தும் என் தகரக் கொட்டகையையும் கொடிக்கம்பிகளையும் அகற்றச் சொன்னார். காரணம் கேட்டேன். நிலையம் ஒவ்வொரு திசைக்கும் சற்றே வேறுபட்ட அலையை அனுப்புகிறது, விமானக் கருவி அதைப் பிடித்து, தான் நிலையத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஒரு முள்ளால் காட்டுகிறது, அருகில் தகரமோ கம்பியோ இருந்தால் அலை அதில் பட்டுத் திரும்பி முள்ளைத் தடுமாற வைக்கும் என்று விளக்கினார். "மேகத்துக்குள்ள போறவனுக்கு அந்த முள்ளுதாம்மா கண்ணு" என்றார்.

நான் மறுபேச்சுப் பேசவில்லை. என் தங்கையின் கணவர், மலைகளுக்கு நடுவே சிறு பயணிகள் விமானம் ஓட்டுபவர். அன்றே கொட்டகையைப் பிரித்துவிட்டேன். மழைக்காலத்தில் துணி காயாமல் இரண்டு ஓட்டல்கள் கைவிட்டுப் போயின. அதற்காக நான் இங்கே முறையிடவில்லை.

நிலையத்தின் மறுபக்கம், என் கொட்டகையைவிட நெருக்கத்தில், இப்போது மூன்று மாடி உயரத்துக்குத் தகரக் கிடங்கு நிற்கிறது. அதை அளக்க நாடா வந்து நான் பார்க்கவில்லை. முன்பு அலையைச் சோதிக்க ஒரு விமானம் வந்து வட்டமடிக்கும். கிடங்கு எழுந்தபின் அதுவும் வரவில்லை. கிடங்கு யாருடையது என்றால் ஆளுக்கொரு பதில். பொறுப்பு அலுவலரின் மைத்துனருடையது என்று பேச்சு. கண்ணால் காணாததை நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அலுவலரின் வண்டி அங்கே அடிக்கடி நிற்பதை மாடியிலிருந்து பார்க்கிறேன். நேரில் கேட்டதற்கு, "உங்களோடது வேற, இது வேறம்மா" என்றார். தகரம் ஆள் பார்த்து நடந்துகொள்ளும் விதம் எனக்கு விளங்கவில்லை.

போன மாதம் தங்கை கணவர் இந்த நிலையத்தின் அலையைப் பிடித்து, பயணிகளோடு மேகத்துக்குள் வந்துகொண்டிருந்தபோது முள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதை நம்பித் திரும்பியிருக்கிறார். மேகம் விலகிய இடைவெளியில், வலப்பக்கம் இருக்கவேண்டிய மலை நேர் எதிரே தெரிந்திருக்கிறது. எப்படியோ மேலே ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல், "மரத்துல இருந்த கிளையெல்லாம் தெரிஞ்சுதுக்கா" என்று மட்டும் சொன்னார்.

நடந்ததை அவர் தம் விமான நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தார். அடுத்த வாரமே, களைப்பில் இருக்கிறார் என்று சொல்லி அவரைக் கட்டாய ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். கணவர் வீட்டில் இருப்பதில் தங்கைக்கு நிம்மதி. "நீ ஒண்ணும் கிளறாதக்கா" என்கிறாள். அவளை நான் குறை சொல்லவில்லை.

ஆயினும் கிளறினேன். தங்கள் துறையின் வட்டார அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அந்த மனுவையே கையில் பிடித்துக்கொண்டு பொறுப்பு அலுவலர் என் கடைக்கு வந்து, உரிமம் எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று அன்பாக விசாரித்தார்.

ஆகவே இம்மனுவை விசாரணைக்காக அவரிடமே அனுப்பாதிருக்க வேண்டுகிறேன். வெளியிலிருந்து சோதனை விமானத்தை வரவழைத்து அலையை அளக்க வேண்டும். அதுவரை நிலையத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அது ஊமையானால் விமானிகள் வேறு வழி பார்ப்பார்கள். தவறாகப் பேசினால் நம்பிப் போவார்கள். என் சந்தேகம் பொய்யென்று அளவில் தெரிந்தால், அலுவலரிடம் நேரில் மன்னிப்புக் கேட்பேன்.

தங்கை கணவரின் தடத்தில் இப்போது புதிய விமானி ஒருவர் பறக்கிறார். முள் தவறாகக் காட்டியதை அவரிடம் யாரேனும் சொன்னார்களா என்று விமான நிறுவனத்தில் கேட்டேன். அது உங்களுக்குத் தேவையில்லாதது என்றார்கள். இதை எழுதும் இந்நேரம் மலைப்பக்கம் மேகம் இறங்கியிருக்கிறது. அவர் புறப்பட்டுவிட்டார்.

உடனடி நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
சலவை நிலைய உரிமையாளர்

இடம்: விமான நிலையப் பின்சாலை
நாள்: ஜூலை 9