மூன்றாவது ராடின் கேப்

5 அக்டோபர், ஞாயிறு

காலையில் தூறல். பத்து மணிக்குமேல் புழுக்கம். சயானில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூர். பையில் டிபன், பழைய பனியன் துணி, தேய்ந்த டூத் பிரஷ் மூன்று.

வித்யா ஜெர்மனி போய் நான்கு வாரம். இன்று ஐந்து மணி நேரம் பிஸ்டன் கரி சுரண்டினேன். ஐந்து மணி நேரமும் யாரோடும் பேச்சில்லை.

கார் அவளுடைய மாமாவுடையது. இரண்டு கதவு, மடக்குக் கூரை, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். எங்களைவிட வயதில் மூத்தது. என்ஜின் இறுகி, பல வருடமாக பில்டிங்கின் கீழ் பார்க்கிங்கில் தூசிக்குள் நின்றது. பி.இ. முடித்த ஜூனில் வித்யாதான் சொன்னாள்: "நாமளே பண்ணலாம்டீ." நான் தலையாட்டினேன். என்ஜினை இறக்கிப் பிரித்தது வரை இருவர். மீதி நான்.

கிளம்பும்போது மாமா, முதல் மாடி பால்கனியிலிருந்து: "முப்பத்தொண்ணாந் தேதி பில்டிங்க இடிச்சுக் கட்ட பில்டர் கையில குடுத்தாகணும். அதுக்குள்ள ஓடித்துன்னா வாஷிக்கு ஓட்டிண்டு போறேன், அங்க வாடகை வீட்ல ஒரு பார்க்கிங் இருக்கு. இல்லேன்னா பங்கார்வாலா வந்து பழைய இரும்பா எடை போட்டுண்டு போகட்டும். புரிஞ்சுதா?"

"ம்."

"என்ன 'ம்'? சத்தமாப் பேசினா வரி போடறாளா?"

செய்ய வேண்டியவை:
- என்ஜின் பிளாக், சிலிண்டர் உள்சுவரைத் தீட்டும் ஹோனிங் மட்டும் (பெரிதாகக் குடைய எம்.இ. ஸ்டைபெண்ட் போதாது)
- ராடு நான்கும் கழுவி, அளந்து பார்ப்பது
- புது ரிங், புது பேரிங். பிஸ்டன் பழையதே
- காலேஜ் லேபின் டார்க் ரெஞ்ச் (அளவாக முடுக்கும் ஸ்பானர்), சனி ஞாயிறுக்குக் கையெழுத்துப் போட்டு
- லேத் கடையில் பேச வேண்டும் (இதுதான் கஷ்டம்)

7 அக்., செவ்வாய்

வெயில். மாட்டுங்காவில் வகுப்பு ஒரு மணிக்கு முடிந்ததும் செம்பூர். பிளாக்கை ஆட்டோவின் பின்சீட்டில் ஏற்ற வாட்ச்மேன் ஒரு பக்கம் பிடித்தார். மேலே பெட்ஷீட் போர்த்தியிருந்தேன். ராடு நான்கும் என் பையில். ஆட்டோக்காரர்: "யே க்யா ஹை, லாஷ்?" பிணம் இல்லை, என்ஜின் என்றேன். நம்பவில்லை. தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

சுடலை அண்ணனின் லேத் கடை, தாராவியில் எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி. அப்பாவுக்குத் தெரிந்தவர். அதனால் கொஞ்சம் சல்லிசு. அதனாலேயே விசாரணையும்.

"ஏட்டி இசக்கி, ஒங்க காலேஜுல இத தூக்க ஒரு பயலும் இல்லியா? வண்டி யாருது?"

"ஃபிரெண்டோட மாமாது."

"மாமா தூக்க மாட்டாரோ?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைவு.

இனி எழுதுவது எனக்காக, மறக்காமல் இருக்க. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைப்பது ராடு; அதன் அடிப்பாகம் இரண்டு பாதி. கீழ்ப்பாதிதான் கேப். கேப்பைப் பூட்டிய பிறகே ஒரே துளையாகக் கடைந்திருப்பார்கள். ஜோடி மாறினால் துளை வட்டமாக இராது, கிராங்க் சுற்றாது. எங்கள் ராடுகளில் கம்பெனி எண் எதுவும் கண்ணில் படவில்லை. பிரித்த அன்று வித்யாவின் சிவப்பு நெயில் பாலிஷால் ராடிலும் கேப்பிலும் புள்ளி வைத்தோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அழகாக இருந்தது. போட்டோ எடுத்து அவள் ஸ்டேட்டஸில் போட்டாள்.

சுடலை அண்ணன் போல்ட்டுகளைக் கழற்றி, எட்டுத் துண்டையும் ஒரே பேசினில் போட்டு, கேனைச் சாய்த்தார். மண்ணெண்ணெய் என்று நினைத்தேன். வாடை வந்ததும் தெரிந்தது, தின்னர். பிரஷ் போட்டார். பேசினில் இளஞ்சிவப்பாக ஏதோ பரவியது.

அண்ணா, ஜோடி கலந்துவிடும். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் திறந்தேன். கடையில் இருந்த ஒருவர் என்னைத் தாண்டிக் கை நீட்டி ஸ்பானர் எடுத்தார். நகர்ந்து வழிவிட்டேன். வாயும் மூடிக்கொண்டது.

அவர் துடைத்து, பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார். "பளபளன்னு இருக்கு பாரு, மாப்ள மாதிரி."

தேங்க்ஸ் அண்ணா என்றேன். தேங்க்ஸ்!

11 அக்., சனி

செம்பூர், எட்டரைக்கே. பில்டிங்கில் மூன்றாவது மாடியும் காலி. படிக்கட்டு முழுக்க பேக்கர்ஸ் ஆட்கள், பெட்டி, அட்டை.

நானே எனக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்: நான்கும் ஒரே அளவு, ஒரே நாளில் செய்தவை, எது எதனோடு போனால் என்ன. படித்தவள் சொல்லும் காரணம் இல்லை.

ஹோனிங் முடிந்து பிளாக் நேற்றே வந்துவிட்டது. கிராங்க் வைத்தேன். ஒரு விரலால் தள்ளினாலே சுற்றியது. முதல் ராடு பூட்டினேன், சுற்றியது. இரண்டாவது, கொஞ்சம் கனம். மூன்றாவதில் ரெஞ்ச் க்ளிக் என்றதும் நின்றது. இரண்டு கையாலும் தள்ளினேன். செங்கல் மாதிரி.

எல்லாவற்றையும் திரும்பக் கழற்றினேன். மூன்றாவது பேரிங்கில் பளபளப்பாக ஒரு தழும்பு. வேறு செட் வாங்க வழியில்லை.

கீழே இறங்கி வந்த மாமா: "ஆச்சா?"

"ஆயிண்டிருக்கு மாமா." அவர் பாஷை என் வாயில் வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

அம்மா, வீட்டில், என் கையைப் பார்த்து: "நாலு வருசம் பீஸ் கட்டிப் படிக்க வச்சது இதுக்கா? மெக்கானிக் கடைக்குப் போணும்னா பத்தாங்கிளாசோட போயிருக்கலாம்லா." சோப்பை நீட்டினாள். அப்பா தூங்குவதுபோல் இருந்தார், தூங்கவில்லை.

14 அக்., செவ்வாய்

கேன்டீனில் தனி மேஜை. எதிர் நாற்காலியை ஒருத்தி "யாராவது வர்றாங்களா?" என்று கேட்டு எடுத்துப்போனாள்.

வித்யாவுக்கு எழுதியது: ஜோடி மாறிடுச்சு. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். அனுப்புவதற்குமுன் அழித்தேன். அவள் அனுப்பிய படம் வந்தது. ஹாஸ்டல் அடுக்களை, ஐந்து பேர், ஒரே பாத்திரத்தில் பாஸ்தா. எல்லோரும் கரண்டியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். இதயம் போட்டேன்.

நெயில் பாலிஷ் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளிகள் தெரிகின்றன. எந்தக் கேப் எது என்று அடையாளம் காண வேறு ஒரு கீறல்கூட இல்லை. உதவாது.

சுடலை அண்ணனிடம் போக வேண்டும். இன்று போகவில்லை. நாளையும் வேண்டாம், நாளை மறுநாள்.

16 அக்., வியாழன்

போனேன். கடையை இரண்டு முறை தாண்டி நடந்தேன், மூன்றாவது முறை உள்ளே.

சொன்னேன். தின்னர், புள்ளி, மூன்றாவது ராடு, எல்லாம். அவர் லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமா."

"பின்ன சொல்லப்படாதா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"கூட்டமா இருந்துச்சு."

"கூட்டமா? மூணு பேரு ஒனக்குக் கூட்டமா? தாராவியில பொறந்துட்டு?" பிறகு தலையைச் சொறிந்தார். "ந்தா, நானும் கேட்டிருக்கணும். கேப்புல நம்பர் இல்லன்னா நான் பஞ்ச் ஆணியால புள்ளி அடிச்சுட்டுத்தான் கழட்டுவேன். அன்னைக்கு என்னமோ..."

கேப்பைத் தேய்த்துத் துளையைத் திரும்பக் கடையலாம், பத்துப் பதினஞ்சு நாளாகும் என்றார். நாளில்லை. நான் ஜோடி கண்டுபிடிக்கிறேன், ஒரு நாள் வைஸும் கேஜும் வேண்டும் என்றேன். இதை வீட்டிலேயே நான்கு முறை சொல்லிப் பழகியிருந்தேன்.

"ஒரு நாளெல்லாம் வைஸ விட முடியாது, தீவாளி வேல கெடக்கு. தீவாளி அன்னைக்கு கடை மூடிருவேன். சாவி தாரேன். வாரியா?"

வருகிறேன் என்றேன்.

20 அக்., திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்து, பழைய சுடிதாரையே போட்டுக்கொண்டேன். அம்மா: "நல்ல நாளும் அதுவுமா எவளாவது இரும்பக் கட்டிட்டு அழுவாளா?" புதுத் துணி கட்டிலில், மஞ்சள் தடவி மடித்தபடி. ஒரு டப்பாவில் முறுக்கும் அதிரசமும் கட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே. வெளியே சரவெடி. இடையிடையே யாரோ, "ஏய் தள்ளி நில்லுல!" உள்ளே ஆயில் வாடை, ஒரு டியூப்லைட், நான்.

முறை: ராடை மரக்கட்டை வைத்து வைஸில் பிடிப்பது. ஒரு கேப்பைப் போட்டு முடுக்குவது. உள்பக்கம் இரண்டு பாதியும் சேரும் கோட்டின்மேல் விரல் நகத்தை இழுப்பது. நகம் தட்டினால் ஜோடியில்லை. தட்டாவிட்டால் கேஜ் வைத்து மூன்று திசையில் அளப்பது. நான்கு ராடு, நான்கு கேப் (அ, ஆ, இ, ஈ என்று பெயரிட்டேன்). பதினாறு சேர்க்கை.

முதல் ராடு: அ தட்டியது, ஆ தட்டியது, இ லேசாக, ஈ தட்டவில்லை. கேஜும் சரி.
இரண்டாவது: ஆ.
மூன்றாவதில் குழப்பம். அ, இ இரண்டும் ஒன்றுபோல் தோன்றின. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். கடைந்தபோது விழுந்த மெல்லிய கோடுகள் ராடிலிருந்து கேப்புக்கு அப்படியே தொடர்ந்தன, கிழித்த காகிதத்தைச் சேர்த்து வைத்ததுபோல். இ.

நான்காவதுக்கு மிச்சம் அ. ஆனாலும் அளந்தேன்.

ஒரு மணி. பஞ்ச் ஆணியும் சுத்தியலும் எடுத்து ஒவ்வொன்றிலும் ஆழமாக அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று, மொத்தம் பத்துப் புள்ளி ராடுகளில், பத்து கேப்புகளில்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லத் திரும்பினேன். திரும்பிய பிறகுதான் யாருமில்லை என்று உறைத்தது. அதிரசம் தின்றேன். இரண்டு.

25 அக்., சனி

குளிர்ந்த காலை, மும்பைக் கணக்கில். பேரிங் தழும்பை விரலால் தடவினால் தட்டவில்லை, அதையே போட்டேன். நான்கு ராடும் பூட்டியாயிற்று. கிராங்க் சுற்றுகிறது, கனமாக, ஆனால் ஒரே சீராக. பத்து முறை சுற்றிப் பார்த்தேன், தேவையில்லாமல்.

என்ஜினைத் தூக்கிக் காருக்குள் இறக்க செயின் பிளாக், சங்கிலிக் கப்பி, வாடகைக்கு. தள்ளிப் பிடிக்க ஆள் வேண்டும். அலமாரி இறக்கிக்கொண்டிருந்த பேக்கர்ஸ்காரர்களிடம் போய், "பையா, பாஞ்ச் மினிட்" என்றேன். முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை மூன்று பேர் வந்தார்கள். "மேடம், யே டப்பா சலேகா?" ஓடும் என்றேன்.

ஐந்து நிமிடம் நாற்பது நிமிடமாயிற்று. யாரும் முணுமுணுக்கவில்லை.

30 அக்., வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை. இரண்டு நாளாக ஒயரிங், தண்ணீர் ஹோஸ், பெட்ரோல் லைன். ஓடலாம், ஓடாமலும் போகலாம். நாளை பங்கார்வாலா வருவதாகப் பேச்சு.

பதினொன்றரை. முதலில் ஸ்பார்க் இல்லாமல் சுற்றவிட்டேன், ஆயில் ஏறட்டுமென்று. பிறகு நிஜமாக. இருமல். இருமல். நான்காவது முறை பிடித்தது. வெள்ளைப் புகை, பார்க்கிங் முழுக்க. ஆயில் எச்சரிக்கை விளக்கு அணைந்தது. வாட்ச்மேன் ஓடி வந்து, "சாலூ ஹோ கயி! சாலூ ஹோ கயி!" என்று காலி மாடிகளைப் பார்த்துக் கத்தினார். நான் கிராங்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டல் இல்லை.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஓட்டுவது வித்யா என்றுதான் இருந்தது.

நான்கு மணிக்கு மாமா, தோளில் கடைசிப் பையோடு. கேட்டார், சுற்றி வந்தார், கதவைத் திறந்து உட்கார்ந்தார். முகம் வேறு மாதிரி. சாவிக்குக் கை நீட்டினார்.

"மாமா, இன்னிக்கு மூவாயிரம் ஆர்பிஎம் தாண்டக் கூடாது. புது ரிங் இன்னும் படியல."

"ஹைவேல மூவாயிரத்துலயா? லாரிக்காரன் மேல ஏறிடுவான். முப்பது வருஷமா ஓட்டறவன்கிட்டச் சொல்றியா?"

"ஆமா."

"குடும்மா."

"தாண்ட மாட்டேன்னு சொல்லுங்க. தரேன்."

சாவி உள்ளங்கையில் குத்தியது. அவர் என்னையே பார்த்தார். வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்தார்.

"சரி, தாண்டலை. நம்பலேன்னா ஏறி உக்காரு. முள்ளைப் பாத்துண்டு வா."

ஏறினேன். செம்பூரிலிருந்து வாஷி வரை அந்த முள் ஒன்றையே பார்த்தேன். இரண்டாயிரத்து எழுநூறு, எண்ணூறு. பின்னால் ஹாரன். ஒரு டெம்போக்காரன் ஏதோ திட்டிக்கொண்டு போனான். "தாண்டலை, தாண்டலை" என்றார் மாமா. கடல்பாலத்தில் காற்று. கடலையும் நான் பார்க்கவில்லை.

வாஷியில் அவர் வீட்டார் எல்லோரும் கீழே இறங்கி வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் போனை என்னிடம் கொடுத்து, "கொஞ்சம் எடுங்கோளேன்" என்றார். எடுத்தேன். மூன்று.

காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். ரயிலுக்கு நேரமாயிற்று என்றேன். நாலு நிமிஷத்துக்கு ஒரு ரயில்.

லேடீஸ் பெட்டி, ஜன்னல். கை கழுவவில்லை. வித்யாவுக்கு ஒரே வார்த்தை அனுப்பினேன்: ஓடுது. அதற்குமேல் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மான்கூர்டில் பதில் வந்தது.

"எதுடீ?"