குழாய் என்னிடம், கண்ணாடி சாலமனிடம்

2 ஜூன் 2004, புதன். கேளம்பாக்கம்

வெயில். கத்திரி முடிந்ததாகக் காலண்டர் சொல்கிறது. வெயிலுக்கு அதை யாரும் சொல்லவில்லை போல. குழாயைத் திறந்தால் காலையிலேயே வெந்நீர்.

பால்கனி மூலையில் நின்ற தகரக் குழாயைக் காலி செய்தேன். உள்ளே இருந்தவை: குடைகள், ஒட்டடைக் கம்பு, பேரனின் பிளாஸ்டிக் மட்டை, காய்ந்த பல்லி.

"குடை வைக்கவாவது ஆச்சேன்னு இருந்தேன். அதையும் கெடுக்கியளா?" இது கோமதி. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து இத்தனை வருஷமாகியும் என் வீட்டுக்காரியின் திருநெல்வேலிப் பேச்சு கொஞ்சமும் தேயவில்லை. என்னுடையதும்தான்.

அடுத்த செவ்வாய் வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போகிறது. பகல் முழுக்க ஒரு கறுப்புப் பொட்டாக நகரும். இன்று உயிரோடு இருப்பவர் யாரும் இதைப் பார்த்ததில்லை. சரியாகப் பார்க்க டெலஸ்கோப் வேண்டும். அதற்கு என் சிநேகிதன் சாலமன் வேண்டும். அதன் குழாய் என்னிடம், கண்ணாடி அவனிடம். பதினெட்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

அதற்கு மறுநாள், புதன் விடியுமுன், அவன் ஆஸ்திரேலியா போகிறான். மகள் வீட்டுக்கு, மனைவி ராணியோடு, ஒரேயடியாக. ஆக எங்களுக்கு மிச்சம் அந்த ஒரு செவ்வாய்தான். அது மேகமாகப் போய்விடக் கூடாது. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

4 ஜூன், வெள்ளி

புழுக்கம். மின்சாரம் இரண்டு தரம் போனது. பேங்க், மருந்துக் கடை, கோ.வின் தைலம் (மறந்தேன், திட்டு).

மத்தியானம் தூக்கம் வராமல் எண்பத்தாறு ஞாபகம். அணுமின் நிலையத்தில் நான் டிராயிங் ஆபீஸ். சாலமன் ஒர்க்‌ஷாப்பில் டர்னர், சதுரங்கப்பட்டினத்துக்காரன். வால்நட்சத்திரம் வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம். எங்களுக்கும் டெலஸ்கோப் செய்யும் பைத்தியம் பிடித்தது. அவன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு எண்ணெய் டிரம். அதன் மேல் கண்ணாடி வட்டு, நடுவில் மணல் மாதிரிப் பொடி, மேலே இன்னொரு வட்டு. கண்ணாடி குழியும்வரை தேய்த்துக்கொண்டே டிரம்மைச் சுற்றி வர வேண்டும். செக்கு மாடு தோற்றது. ராணி கத்துவாள்: "சோத்துல பொடி, கொழம்புல பொடி, இன்னா கர்மம்டா இது!" முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் இப்படித்தான் தேய்த்தார்கள் என்று நான் சொன்னேன். "அவுங்க பொண்டாட்டிங்களும் இப்டித்தான் கத்தியிருப்பாளுங்கோ" என்றாள்.

மாமல்லபுரம் கடற்கரையில் விடிகிற நேரம் பார்த்தோம். பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒன்று. அவ்வளவுதான். நான் அழுதேன். சாலமன் ஈர மணலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தான்.

பிறகு யார் வீட்டில் வைப்பது என்று எங்களுக்குள் ஒரு மாதம் முறைப்பு. கோ.வும் ராணியும் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு பாகம். சேர்ந்தால் பாருங்கள், சேராவிட்டால் சும்மா கிடக்கட்டும். அந்தத் தீர்ப்புதான் எங்களை விடாமல் சந்திக்க வைத்தது என்று இப்போது தோன்றுகிறது. ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து இங்கே வந்தபின் நாலு வருஷம் சேரவே இல்லை.

5 ஜூன், சனி

சாலமன் போன்.

"நட்ராஜு, கண்ணாடிய சலவை சோடா போட்டு நல்லா தொடச்சிட்டேன்பா. ஒரு புள்ளி அழுக்கு இல்ல. இப்டிகா பாத்தா அப்டிகா தெரியுது!"

நான் கத்தினேன்: "அந்தப் பக்கம் தெரிஞ்சா அது ஜன்னல், வே!"

சாலமன் மெதுவாக, "பூச்சு பூட்சா?"

போய்விட்டது. அன்று பெங்களூருக்கு அனுப்பி ஏற்றிய அலுமினியப் பூச்சு. அது இருந்தால்தான் ஒளி திரும்பும். இவனைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஸ்பானர் வெளியே போக வேண்டுமானாலும் துடை, கதிர்வீச்சுக் கருவியில் காட்டு, மறுபடி துடை. அந்தக் கை முப்பது வருஷம் பழகிய கை. கண்ணாடி வெளியே போகப்போகிறது என்றதும் தானாகத் துடைத்திருக்கிறது. என்னிடம் இருந்திருந்தால் நானும் துடைத்திருப்பேன்.

ஆனாலும் கோபம். போனை வைத்துவிட்டேன். சாப்பிடவில்லை.

6 ஜூன், ஞாயிறு

கோ. காலையிலேயே புலம்பல். எதிர் பிளாட்டில் புது ஜன்னல் போட்டிருக்கிறார்கள். வெயில் அதில் பட்டு நேரே எங்கள் அடுப்படிக்குள். "கண்ணு அவிஞ்சு போவும் போலிருக்கு. சாதாரணக் கண்ணாடிக்கே இந்தப் பவுசு!"

தோசையைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

சாதாரணக் கண்ணாடியும் கொஞ்சம் ஒளியைத் திருப்பும். நட்சத்திரம் பார்க்க அது போதாது. சூரியனுக்கு ஏராளம். பூச்சு இருந்திருந்தால்தான் அத்தனை வெயிலும் குவிந்து கண்ணருகே இருக்கும் சின்ன லென்ஸை வெடிக்க வைத்திருக்கும்! நான் பயந்துகொண்டிருந்ததே அதற்குத்தான்.

சாலமனுக்குப் போன். "வே, நீரு கெடுக்கல. சரி பண்ணியிருக்கீரு." காரணம் சொன்னேன். அந்தப் பக்கம் ராணியிடம் கத்துகிறான்: "நான் சொல்லல? வேணும்னுதான் தொடச்சேன்னு!" புளுகன்.

கோ.வுக்குத் தைலம் இரண்டு பாட்டிலாக வாங்கி வந்தேன்.

7 ஜூன், திங்கள். சதுரங்கப்பட்டினம்

எடுத்துப்போக: குழாய், வெள்ளைத் தாள், பென்சில், காம்பஸ், மாற்று வேட்டி, ராணிக்கு இட்லிப் பொடி பாட்டில். கோ. முழங்கால் வலி என்று வரவில்லை.

கோவளம் வரை ஷேர் ஆட்டோ, பிறகு பஸ். கண்டக்டர், "இன்னா நைனா, ராக்கெட்டா? மேல போடு" என்றான். மடியை விட்டு இறக்கவில்லை. திருவிடந்தைக் கோயிலில் கல்யாணப் பிரார்த்தனை முடித்து மாலையோடு ஏறிய பையன் பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுக அதன் உள்ளே எட்டிப் பார்த்தான். சீக்கிரம் பெண் கிடைக்கட்டும்.

மாமல்லபுரம் தாண்டியதும் மேற்கே மேகம்.

சாலமன் வீடு வீடாகவே இல்லை. அட்டைப்பெட்டிகள், கயிறு, சுவரில் படங்கள் இருந்த இடத்தில் வெளுத்த கட்டங்கள். வீட்டைத் தம்பிக்கு விட்டுப் போகிறான். இளைத்துவிட்டான். நானும் இளைத்துவிட்டதாக அவன் சொன்னான். இருவருமே பொய். தொப்பை.

சாயங்காலம் டச்சுக் கோட்டைக்குள் நடந்தோம். கல்லறைக் கற்களில் கப்பல் செதுக்கியிருக்கிறார்கள். பாய்மரம், கயிறு எல்லாம் நுணுக்கமாக. இங்கே துணி வாங்க வந்து இங்கேயே படுத்துவிட்டவர்கள். சாலமன் ஒரு கப்பலை விரலால் தடவிக்கொண்டு, "இவனுங்க அங்கேர்ந்து இங்க வந்து செத்தானுங்க. நான் இங்கேர்ந்து அங்க போறேன்" என்றான். வாயை மூடும் வே என்றேன்.

பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் பேச்சும் வந்தது. எங்கள் பழைய கதை. இதே வெள்ளியைப் பார்க்கக் கப்பலேறி வந்தவர். முதல் தடவை யுத்தத்தால் கரை இறங்க முடியவில்லை. ஆடும் கப்பலில் அளக்க முடியாது. அடுத்ததற்கு எட்டு வருஷம் காத்திருந்தார். அன்று காலை மேகம். ஊர் திரும்பினால் அவரைச் செத்தவர் கணக்கில் சேர்த்துச் சொத்தைப் பிரித்திருந்தார்கள். சாலமன் எப்போதும் போல, "பாவம்பா அந்த ஆளு" என்றான். அதற்கு மேல் இருவரும் வானத்தைப் பார்க்கவில்லை.

கண்ணாடியை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னான். முடியாது என்றேன். ஏற்பாடு ஏற்பாடுதான். உம்ம பெட்டியில் போகட்டும். எட்டு வருஷத்தில் இன்னொரு தடவை வெள்ளி வரும். அப்போது எனக்கு எழுபத்திரண்டு. "ஃப்ளைட்டு புடிச்சி வரேன்" என்றான். வரமாட்டான். தெரியும்.

8 ஜூன், செவ்வாய்

காலை. மேகம் துண்டு துண்டாக. பின்புறத்தில் குழாயை நிறுத்திக் கண்ணாடியைப் பொருத்தினோம். கை மறக்கவில்லை. திருகாணி எந்தப் பக்கம் என்று ஒருவரையொருவர் கேட்கவில்லை. பக்கவாட்டில் ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே தாள், தாளில் நான் போட்ட வட்டம். பழைய காலத்து வழி. கண்ணால் பார்க்காமல் சூரியனைத் தாளில் விழ வைப்பது.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன். வட்டத்தின் ஓரத்தில் ஒரு கடி. எலி கடித்த அப்பளம். சாலமன் என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

அக்கம்பக்கம் எல்லாம் வந்துவிட்டது. "மச்சமாட்டம் கீதே!" "இதுக்குப் பரிகாரம் எதுனா உண்டா சார்?" சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த ராணியின் அக்கா தாளைத் தொட்டுக் கும்பிட்டாள்.

மத்தியானம். மேகம் மூடியது. சூரியன் உச்சியில், குழாய் நட்டுவைத்த மரம் போல, தாளில் ஒன்றுமில்லை. கூட்டம் கலைந்தது. சாலமன் சாப்பிட வரவில்லை. நானும் போகவில்லை. ராணி தட்டைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று மணி வாக்கில் திறந்தது. பொட்டு பாதிக்கு மேல் நகர்ந்திருந்தது. அவன் குழாயைத் திருப்ப, நான் புள்ளி வைக்க. இவ்வளவு சந்தோஷமாக எப்போது கடைசியாக இருந்தேன் என்று யோசித்தேன்.

ஐந்துக்கு முன். பொட்டு விளிம்பைத் தொட்டது. பிறகு ஒரு பிறை, பிறகு ஒரு கீறல்.

"இன்னும் கீதுல்ல?" என்றான்.

"இருக்கு வே."

தாளில் வட்டம் கீறலில்லாமல் முழுசாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன், இருக்கா என்று.

"கீது, கீது."

ராணி முந்தானையில் கை துடைத்தபடி வந்து குனிந்து பார்த்தாள். "இன்னாத்த பாத்துகினு கீறீங்க ரெண்டு பேரும்? ஒண்ணுமே இல்லியே. ஏர்போர்ட்டுக்கு வேன்காரன் வந்து நிக்கிறான்."

சாலமன் அவள் பக்கம் திரும்பவில்லை. சூரியன் தாளை விட்டு நழுவாமல் இருக்கக் குழாயை இன்னும் கொஞ்சம் மேற்கே சாய்த்தான்.