நீ கேட்டு ஊதிய சங்கு அல்ல அது

உன் இசைத்தட்டின் உறையில் பூசணம் பிடித்துவிட்டது. இந்தப் பக்கத்து மழை உனக்குத் தெரியாததா, பெட்டிக்குள் மடித்து வைத்த வேட்டியைக்கூட விடாது. இன்று காலை அதை எடுத்து வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் காயவைத்தேன். ஈரக் காகிதமும் மையும் கலந்த வாடை அடித்தது. உறைக்குள் இருக்கும் சின்னப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக நீயும் நானும் ஐந்து வருடம் பேசாமல் இருந்தோம்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உனக்கு இதற்கு முன் ஒரே ஒரு கடிதம்தான் எழுதியிருக்கிறேன். அது சண்டைக் கடிதம். இதுவும் அப்படி ஆகிவிடுமோ தெரியாது. எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுப் பழக்கமில்லை.

தோட்டத்து லய வரிசையில், அடுத்தடுத்த ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்தவர்கள் நாம். நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனேன். என்ஜினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து, என்ஜின் அறைக்குப் பொறுப்பானேன், வேலை விடுகிற சங்கை ஊதுவதும் என் கையில் வந்தது. யாரும் எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. அதைக் குறையாகவும் சொல்வேன், பெருமையாகவும் சொல்வேன். நீ பதினேழு வயதில் கொழும்பில் ஒரு ஹோட்டலுக்குத் தட்டுக் கழுவப் போனாய். அங்கே பேண்டில் வாசித்தவர்களைப் பார்த்துப் பார்த்தே சாக்சபோனைப் பிடித்துக்கொண்டாய். ஐம்பதை நெருங்கும்போது உனக்கென்று நாலு பேர் கோஷ்டி. பியானோ, ஆள் உயரத்துக்கு நிற்கிற பேஸ், டிரம், நீ.

ஜாஸ் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "பாட்டு ஒண்ணுதான்டா. அவனவன் அவன் நடையில வீட்டுக்குப் போவான். கடைசியில எல்லாரும் ஒரே வாசல்ல வந்து நிப்போம்" என்றாய். எனக்குப் பிடித்தது உன் சாக்சபோன் அல்ல, பேஸ்தான். நல்ல என்ஜின் சுமையில்லாமல் ஓடுகிற மாதிரி இருக்கும். அதைச் சொன்னபோது உனக்கு முகம் சுருங்கியது.

அப்புறம் உனக்கு அந்த ஆசை வந்தது. நம் தோட்டத்துக்குக் கீழே துரைமார் கிளப் இருக்கிறதே, உன் அப்பா காலமெல்லாம் கோப்பை கழுவிய இடம், அதன் முன்வாசல் வழியாகப் போய் மேடையில் நின்று வாசிக்க வேண்டும், அதை அப்படியே பதிவு செய்து தட்டாகப் போட வேண்டும். ஆசையில் பிழையில்லை. துரையிடம் அனுமதி வாங்கினாய். சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குத் தொடக்கம். வழியில் சோதனைச் சாவடிகள் இருந்ததால் கொழும்பு ஆட்கள் இருட்டுக்கு முன் திரும்பியாக வேண்டும்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் என்ஜின் அறை வாசலில் வந்து நின்றாய்.

"மச்சான், வர்ற சனிக்கிழம ஒரு ஒதவி செய்யணும்."

"சொல்லு."

"நாலரைச் சங்க அரை மணி தள்ளி ஊது. ரெக்கோர்டிங் நடக்குது. தொரைகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு."

"தொரைகிட்ட கேட்ட. மலையில நிக்கிறவங்ககிட்ட கேட்டியா?"

"டேய், ஒரு நாள்டா."

"முன்ன இருந்த தொரையும் ஒரு நாள்னுதான் ஆரம்பிச்சான்."

"அவனும் நானும் ஒண்ணா?"

"சங்கு பிந்துனா யாரா இருந்தாலும் ஒண்ணுதான். ஒங்க அக்காவும் மேல்மலையிலதான் நிக்குது. நாலரைக்கு நீ பாட்ட நிறுத்திக்க."

"பாட்டு என்ன ஒன் என்ஜினா, நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ண?"

"என்ஜினையும் அப்படி நிறுத்தக் கூடாது."

நீ சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

முந்திய துரையின் கதை உனக்குப் பாதிதான் தெரியும், நீ அப்போது இங்கே இல்லை. கொழுந்து அதிகமான நாட்களில் அவன் சங்கைப் பிந்தி ஊதச் சொன்னான். முதலில் பத்து நிமிடம், பிறகு இருபது. மலையில் கொழுந்து பறித்து நிற்கிற பெண்களிடம் கடிகாரம் கிடையாது, சங்குதான் அவர்களுக்கு மணி. ஒரு மாலை மங்கலில் இறங்கும்போது ஒருத்தி கல்வழியில் சறுக்கிக் கால் முறிந்தாள். அன்று நான் தொழிற்சாலைப் படியில் நின்று, இனி என் கடிகாரப்படிதான் சங்கு ஊதும் என்றேன். ஆறு மாதம் என்னை ரோட்டு வேலைக்குத் தள்ளினார்கள். கல் உடைத்தேன். தொழிற்சங்கம் தலையிட்ட பிறகுதான் திரும்பி வந்தேன். அதிலிருந்து ஒரு நிமிடம்கூடப் பிந்த விட்டதில்லை. இதை நீ பிடிவாதம் என்றாய். இருக்கலாம். அந்தப் பிடிவாதத்தில் உன் அக்காவின் கால்களும் இருந்தன.

அந்தச் சனிக்கிழமை என்ஜின் சத்தத்துக்கு நடுவே உங்கள் பாட்டு விட்டுவிட்டுக் கேட்டது. நாலரைக்குச் சற்று முன்னால் பியானோவும் டிரம்மும் அடங்கிப்போய், பேஸின் மேல் நீ மட்டும் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தாய். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஊதினேன். கை நடுங்கியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடுங்கவில்லை.

நீ என்னைப் பார்க்காமலே வேனில் ஏறிப் போனாய். துரையின் சொல்லை மீறியிருந்தேன், விசாரணைக் கடிதம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. துரை பயந்துவிட்டான் என்று டீக்கடையில் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு வேலையில் இருந்த காலம் முழுவதும் அந்தப் பெருமையில்தான் நிமிர்ந்து நடந்தேன்.

மறு வருடம் தபாலில் இந்தத் தட்டு வந்தது. மகள் குவைத்திலிருந்து கொண்டுவந்த பாட்டுப் பெட்டியில் போட்டேன். அன்று வாசித்ததில் ஐந்து பாட்டு. நாலாவது பாட்டின் நடுவே என் சங்கு எழும்பியது. அதை வெட்டி எடுத்திருப்பாய் என்று நினைத்திருந்தேன், நீ விட்டு வைத்திருந்தாய். அந்த இடத்தில் பெட்டியை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்தது: நான்காவது பாட்டில் கேட்கும் தொழிற்சாலைச் சங்கு, என் வேண்டுகோளின்படி என் நண்பர் ஊதியது. அகராதியை எடுத்து இரண்டு தடவை பார்த்தேன். வேறு அர்த்தம் இல்லை.

உன் வேண்டுகோளின்படியா? நீ ஊதாதே என்று கேட்டாய், நான் மாட்டேன் என்றேன். அதுதான் நடந்தது. அந்த வரியைப் படிக்கிறவன், மலையில் நின்ற பெண்களுக்காக ஊதிய சங்கை உன் பாட்டுக்காக ஊதியது என்றல்லவா நினைப்பான்? திருத்து என்று எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பலாங்கொடை பஸ் நிலையத்துக்கு வரச் சொன்னாய். எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"ஒரு சங்குக்கு மூணு பக்கம் எழுதியிருக்கியேடா."

"மூணரை."

"கொழும்புல எல்லாரும் கேக்குறாங்க, யாரு அந்தச் சங்கு ஆளு, எவ்வளவு சரியான நேரத்துல ஊதியிருக்காருன்னு."

"சரியான நேரம்தான். நாலரை."

"ஒனக்கு ஒலகத்துல வேற மணியே கெடையாதா?" கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நீ குரலைத் தாழ்த்தினாய். "அடுத்த தடவ அச்சடிக்கிறப்ப ஒன் பேரையும் போடுறேன். அஞ்சாவது ஆளா."

"நான் ஒன் கோஷ்டி இல்ல. நான் அன்னைக்கு வேலை செஞ்சேன். அந்த வரிய எடு."

"எடுக்க முடியாது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு."

"என்ன காரணம்?"

"சொன்னா நீ ஏத்துக்க மாட்ட."

நான் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். நீ பின்னாலிருந்து கூப்பிட்டாய். ஒரு தடவைதான் கூப்பிட்டாய், அதையும் ஒரு குறையாக வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீ தீபாவளிக்கு வந்து போனதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். தட்டை எப்போதாவது போடுவேன். சங்கு வரும் இடத்தில் நிறுத்திவிடுவேன். அதுவரைதான் என்னுடையது, அதற்கு மேல் உன்னுடையது என்று ஒரு கணக்கு. நீ கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்றார்கள். பிறகு முடிந்துவிட்டது என்றார்கள். தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் உன் சாவுக்கு வந்தார்கள். என் அடையாள அட்டை பழசு, சோதனைச் சாவடியில் இறக்கிவிடுவான், எல்லோருக்கும் தொந்தரவு என்று சொல்லி நின்றுகொண்டேன். அட்டை பழசுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு அதற்கு முந்திய மாதம் இரத்தினபுரி வரை போய் வந்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அக்கா வந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, ஒங்க சங்கு ஒரு நாளும் தப்பாது. நீங்க மட்டும் தப்பலாம், இல்லீங்களா?"

நான் அட்டையைப் பற்றி ஆரம்பித்தேன். "அந்த அட்டைக் கதைய போலீஸ்காரன்கிட்ட சொல்லுங்க" என்றது. பிறகுதான் அந்த விஷயம் வெளியே வந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீ வாங்கிய சத்தியம் உன்னோடு முடிந்ததாக நினைத்து அக்கா சொன்னது.

சங்கு ஊதியதும் மேல்மலைப் பெண்கள் கொழுந்தை எடை போட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் கிளப்புக்கு இறங்கியிருக்கிறார்கள். உள்ளே போக விடமாட்டார்கள் என்று ஜன்னலுக்கு வெளியே கூடைகளோடு நின்றிருக்கிறார்கள். பாட்டு எல்லாம் முடிந்த பிறகு துரை விறாந்தையில் உன்னிடம் கத்தியிருக்கிறான். என்ஜின் அறை ஆளை நாளைக்கே நிறுத்துகிறேன் என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறான். அக்கா இரண்டு முழம் தள்ளித்தான் நின்றிருக்கிறது.

"அப்ப அவன், 'மாத்தயா, மம தமய் கிவ்வே'ன்னான். நான்தான் ஊதச் சொன்னேன், கடைசி நேரத்துல மாத்திக்கிட்டேன், பாட்டுக்கே அது வேணும்னான். தொரை நம்பல. 'வேணும்னா தட்டுல எழுதியே போடுறேன், பாருங்க'ன்னான். அதனாலதான் ஒங்க வேலை தப்பிச்சுது. ஒங்களுக்குச் சொன்னா என்ன செய்வீங்கன்னு அவனுக்குத் தெரியும். போய், யாரும் சொல்லாம நானாத்தான் ஊதுனேன்னு தொரைகிட்டயே சொல்லிட்டு வருவீங்க."

சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன். துரை பயந்தான் என்று நான் நிமிர்ந்து நடந்த வருடங்கள் எல்லாம் உன் ஒரு பொய்யின் மேல் நடந்தவை. இதற்கு உனக்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா? அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா?

அக்கா பெட்டியைப் பார்த்தது. "அந்தத் தட்டு இருக்கில்ல? போடுங்க."

நாலாவது பாட்டைப் போட்டேன். சங்கு எழும்பியது. கை தானாக நிறுத்தப் போனது. "விடுங்க" என்றது அக்கா.

அங்கே உன் சாக்சபோன் நின்றுபோகிறது. பேஸ் மட்டும் நிற்காமல் நடக்கிறது. சங்கு ஏறி, நின்று, இறங்கத் தொடங்குகிறது. அது இறங்குகிற சுருதியிலேயே நீ மறுபடி நுழைகிறாய். சங்கு ஓய்ந்த இடத்தைக் காது கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனை வருடம் ஊதியிருக்கிறேன், அது முடிகிற இடத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும், வார்த்தை வரவில்லை.

ஐந்தாவது பாட்டும் முடிந்தது. கிளப்பில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சீரான, மெல்லிய கைதட்டல். அது அடங்கி, தட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தபோது வேறொரு கைதட்டல் தொடங்கியது. தூரத்திலிருந்து, ஒன்றிரண்டாக, பிறகு சடசடவென்று. உள்ளே இருந்தவர்களுடையதைவிட இதுதான் நீளம்.

"இது யாரு?"

"நாங்கதான்."

"ஏன் இவ்வளவு பிந்தி?"

"நாங்க தட்டலாமா கூடாதான்னு தெரியல தம்பி. உள்ள இருக்கிறவங்க மொதல்ல தட்டி முடிக்கட்டும்னு நின்னோம். அப்புறம் நான்தான் ஆரம்பிச்சேன். எந்தம்பிக்கு நான் தட்டாம வேற யாரு தட்டுறது?" முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டது. "நீங்க அரை மணி தள்ளி ஊதியிருந்தா, நாங்க எறங்கி வர்றதுக்குள்ள அவன் வேன் போயிருக்கும்."

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் சரி என்று ஒருவர் சொல்லக் கேட்க எவ்வளவு காலம் காத்திருந்தேன். ஆனால் அசதிதான் வந்தது. அதைச் சொல்ல வேண்டிய ஆள் நீ, அதை எனக்கு நிரூபித்துக் காட்டி என்ன பயன் என்று தோன்றியது.

சங்கு ஊதியது சரிதான். அதில் இன்றைக்கும் மாற்றமில்லை. அந்த வரி பொய், அதிலும் மாற்றமில்லை. ஆனால் அந்தப் பொய் அங்கேயே இருக்கட்டும். இனி யாராவது கேட்டால், ஆமாம், அவன்தான் ஊதச் சொன்னான் என்று சொல்லப் போகிறேன். அந்த அட்டைக் கதையை விட்டால், நான் அறிந்து சொல்கிற பொய் இது ஒன்றுதான், உன்னிடம் வாங்கியது.

உன்னைப் பற்றிக் கொழும்பில் கூட்டம் வைத்துப் பேசினார்கள் என்று கேள்விப்பட்டேன். பத்திரிகையில் எழுதினார்கள், கோஷ்டிக்காரர்கள் அழுதார்கள், உன் முப்பதும் முடிந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் தட்டி முடித்துவிட்டார்கள், மச்சான். இப்போது நான் தட்டுகிறேன்.